மலாய்க்காரரா, மலேசியரா, ஜாவாக்காரரா, இந்தோனேசியரா? இனமும் குடியுரிமையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்த நாலு பேரையும் போட்டுக் குழப்பிக்காத தமிழ் ஆள் குறைவு. மலேசியாலயே பொறந்து வளந்த நம்மாளுங்க கூட பேச்சுவாக்குல மாத்தி மாத்தித்தான் சொல்லுவாங்க, ஊர்ல இருந்து புதுசா வர்றவங்களப் பத்திக் கேக்கவே வேணாம். வழக்கமா வர்ற கேள்விங்கள எல்லாம் ஒரே இடத்துல போட்டிருக்கேன். சிலதுக்கு ரெண்டு வரி போதும், சிலதுக்குக் கொஞ்சம் உக்காந்து படிக்கணும்.

கேள்வி: மலாய்க்காரர்னா மலேசியர்தானே?

இல்லைங்க. மலேசியர்ங்கறது குடியுரிமை. நீல ஐசி (அடையாள அட்டை) கையில இருந்தா மலேசியர், அவர் தமிழரா இருக்கலாம், சீனரா இருக்கலாம், சபால இருக்கற கடசானா, சரவாக்ல இருக்கற ஈபானா இருக்கலாம். மலாய்ங்கறது இனம், அது மலேசியாவோட எல்லையில நின்னுடல. சுமத்ராவுல ரியாவ், ஜம்பி, மேடானச் சுத்தியிருக்கற டெலி, போர்னியோவுல மேற்கு கலிமந்தான், இங்கெல்லாம் இருக்கற மலாய்க்காரங்க இந்தோனேசியக் குடிமக்கள். பட்டானி, யாலா, நராதிவாட்ல இருக்கறவங்க கையில தாய்லாந்து பாஸ்போர்ட். சிங்கப்பூர், புருணை வேற இருக்கு.

கேள்வி: ஜாவாக்காரர்னா இந்தோனேசியர்தானே?

பெரும்பாலும் ஆமா, ஆனா திருப்பிப் போட்டா தப்பாயிடும். இந்தோனேசியாவோட 2010 சென்சஸ்ல மொத்தம் 23.7 கோடி பேர், அதுல ஜாவாக்காரங்க சுமார் 9.5 கோடி, நூத்துக்கு 40 பேர்னு வச்சுக்குங்க. மிச்சப் பேரு சுண்டா, படாக், மதுரா (நம்ம மதுரை இல்ல, அது ஒரு தீவு), மினாங்கபாவ், பூகிஸ், பாலி, அச்சே, பாப்புவான்னு போய்க்கிட்டே இருக்கும், சென்சஸ்காரங்க பதிஞ்ச இனப்பேரே ஆயிரத்தத் தாண்டும். அதுல மலாய்னு பதிஞ்சவங்க 54 லட்சம் அளவு, 2 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல. பலெம்பாங், ஜம்பி ஆளுங்களத் தனிப்பேர்ல எண்ணினதாலயும் இது குறைவாத் தெரியுது, இருந்தாலும் பாருங்க, மலேசியால நாட்டோட பேர்லயே இருக்கற ஒரு இனம் மலாக்கா நீரிணையத் தாண்டினதும் நூத்துல ரெண்டு பேரா ஆயிடுது. இத மனசுல வச்சுக்கிட்டா கீழ வர்ற பாதிக் கேள்விக்கு நீங்களே பதில் சொல்லிடுவீங்க.

கேள்வி: ஜாவா தீவுல இருக்கற எல்லாரும் ஜாவாக்காரங்களா?

அதுவும் இல்ல. தீவோட மேற்குப் பக்கம், பண்டுங் சுத்துவட்டாரமெல்லாம் சுண்டா மக்கள், அவங்க மொழியே வேற. ஜகார்த்தாவோட சொந்த ஆளுங்க பெதாவி. ஜாவாக்காரங்க ஊர்னா யோக்யகர்த்தா, சோலோ, செமாராங், சுராபாயா, அதாவது தீவோட நடுவும் கிழக்கும்.

கேள்வி: சரி, ஜாவாக்காரர் மலாய்க்காரரா இல்லையா? ஒரே வார்த்தைல சொல்லுங்க.

ஒரே வார்த்தைல சொல்ல முடியாது, எந்த நாட்டு ஆபீஸ் கவுண்டர் முன்னாடி நிக்கறார்ங்கறதப் பொறுத்தது. கற்பனையா ஒரு ஜாவா விவசாயி, நூறு வருஷத்துக்கு முன்னாடி, மூணு பசங்கன்னு வச்சுக்குங்க. ஒருத்தர் ஊர்லயே தங்கி நெல்லு நட்டார், ஒருத்தர் ஜொகூர்ல பத்து பகாட்டுக்கு வந்து வாய்க்கா வெட்டினார், மூணாமத்தவர் டச்சுக்காரன் கப்பல்ல ஏறி தென்னமெரிக்காவுல சூரினாமுக்குப் போயிட்டார். முதல் ஆளோட பேரப்பிள்ளை இனம் ஜாவா, குடியுரிமை இந்தோனேசியா. ரெண்டாவது ஆளோட பேரப்பிள்ளை இனம் மலாய், குடியுரிமை மலேசியா. மூணாவது ஆளோட பேரப்பிள்ளை இனம் ஜாவா, குடியுரிமை சூரினாமா இருக்கலாம், நெதர்லாந்தாவும் இருக்கலாம். மூணு பேருக்கும் கொள்ளுத்தாத்தா ஒருத்தர்தான்.

நாடு, சட்டம் எல்லாத்தையும் தள்ளி வச்சுட்டுப் பாத்தா ரெண்டும் தனித்தனி மக்கள்தான். ஜாவா மொழியும் மலாய் மொழியும் ஒரே ஆஸ்திரோனேசியக் குடும்பம், ஆனா சுத்த ஜாவா மொழியில ரெண்டு பேர் பேசிக்கிட்டா பக்கத்துல நிக்கற மலாய்க்காரருக்குப் புரியாது. ஜாவாவுக்குச் சொந்த எழுத்து இருக்கு, சொந்த அரச வம்சங்கள் இருக்கு, காமலான் இசை, வயாங் நிழல் பொம்மலாட்டம்னு தனிக் கலை மரபே இருக்கு. அதனால 'ரெண்டும் ஒண்ணுதாங்க'ன்னு மேம்போக்கா சொல்றது எனக்குச் சரியாப் படல. ஒண்ணாச் சேத்தது மலேசியா, சிங்கப்பூரோட சட்டமும் சென்சஸும் ஸ்கூலும்தான்.

கேள்வி: மலேசியச் சட்டம் யார மலாய்க்காரர்னு சொல்லுது?

அரசியலமைப்புச் சட்டத்தோட 160வது பிரிவு. இஸ்லாத்தக் கடைப்பிடிக்கணும், வழக்கமா மலாய் மொழி பேசணும், மலாய் வழக்கப்படி நடக்கணும். இதோட சேத்து, 1957 மெர்டேக்கா (சுதந்திர) நாளுக்கு முன்னாடி அவரோ அப்பா அம்மால ஒருத்தரோ மலாயாலயோ சிங்கப்பூர்லயோ பொறந்திருக்கணும், இல்லாட்டி அந்த நாள்ல இங்க நிரந்தரமாக் குடியிருந்திருக்கணும், அதுவும் இல்லாட்டி அப்படிப்பட்டவரோட வாரிசா இருக்கணும். அவ்வளவுதான். தாத்தா எந்தத் தீவுல இருந்து வந்தார், என்ன வம்சம்னு சட்டம் ஒரு இடத்துல கூடக் கேக்கல. உலகத்துல பல நாட்டுல இனத்த ரத்தத்த வச்சுத்தான் எண்ணுவாங்க, இங்க மதம், மொழி, பழக்கம், தேதி இந்த நாலும்தான் கணக்கு.

இது 1957ல திடீர்னு வந்தது இல்ல. 1913லயே பிரிட்டிஷ்காரன் மலாய் ரிசர்வ் நிலச் சட்டம் கொண்டாந்தப்ப 'மலாயன் இனம்' எதையாவது சேந்தவரா இருந்து, மலாயோ வேற ஏதாவது மலாயன் மொழியோ பேசி, முஸ்லிமாவும் இருந்தா அவர் மலாய்க்காரர்னு எழுதி வச்சுட்டான். அதாவது வீட்டுல ஜாவா மொழி மட்டுமே பேசின ஆள் கூட அந்த நிலத்துக்குத் தகுதியானவர்தான். மாநிலத்துக்கு மாநிலம் வரையறை வேற மாறும், கெடாவுல அரபு வம்சாவளியையும் சேத்துக்கிட்டாங்க.

ஏன் இவ்வளவு நுணுக்கமா எழுதணும்னா, பின்னாடி 153வது பிரிவு இருக்கு. அரசாங்க வேலை, ஸ்காலர்ஷிப், சில லைசென்ஸுங்கள்ல மலாய்க்காரங்களுக்கும் சபா, சரவாக் பூர்வகுடிங்களுக்கும் ஒதுக்கீடு. 'பூமிபுத்ரா'ன்னு எல்லாரும் சொல்றது இவங்களத்தான், அந்தச் சொல் அரசியலமைப்புச் சட்டத்துல கெடையாது. நிலம், ஸ்கூல் சீட்டு, வேலைன்னு எல்லாம் இதுல தொங்கிக்கிட்டு இருக்கறப்ப யாரு உள்ள யாரு வெளியங்கறது வெறும் அடையாளப் பேச்சா இருக்க முடியாதே.

கேள்வி: அப்படிப் பாத்தா ஒரு தமிழ் முஸ்லிம் கூட மலாய்க்காரர் ஆகலாம் போல இருக்கே?

காகிதத்துல பாத்தா ஆகலாம், நடைமுறையிலயும் ஆகியிருக்காங்க. பினாங்குல தமிழ் முஸ்லிம் வியாபாரிங்க மலாய்ப் பொண்ணுங்களக் கட்டிக்கிட்டு, அந்த வாரிசுங்கள ஜாவி பெரனாக்கான்னு சொன்னாங்க, அதுல நிறைய குடும்பம் இன்னைக்கு முழுசா மலாய்க் குடும்பம். முன்னாள் பிரதமர் மகாதீரோட அப்பா வழித் தாத்தா கேரளாவுல இருந்து வந்தவர், மகாதீர மலாய்க்காரர் இல்லன்னு எந்த ஆபீஸும் சொல்லாது. அதே சமயம் அஞ்சு தலைமுறையா இருந்தும் வீட்டுல தமிழ் பேசி, நாங்க இந்திய முஸ்லிம்தான்னு நிக்கற குடும்பங்களும் இருக்கு. கதவு தொறந்திருக்குங்கறதுக்காக எல்லாரும் உள்ள போயிடறது இல்ல.

கேள்வி: ஜாவாவுல இருந்து வந்தவங்க எப்போ, எப்படி மலாய்க்காரர் ஆனாங்க?

பெரிய அலை 19ம் நூற்றாண்டுக் கடைசியிலயும் 20ம் நூற்றாண்டுத் தொடக்கத்துலயும். ஜொகூர் மேற்குக் கரையில மூவார், பத்து பகாட், பொந்தியான், சிலாங்கூர்ல கிள்ளான், கோல லங்காட், சபாக் பெர்ணம், பேராக்ல பாகான் டத்தோ, இதெல்லாம் ஜாவாக்காரங்க குடியேறின பெல்ட். சில பேர் எஸ்டேட்டுக்கு ஒப்பந்தக் கூலியா வந்தாங்க, நம்மாளுங்க பால் வெட்டின அதே ரப்பர் காடுதான். சில பேர் ஹஜ்ஜுக்குக் கப்பல் ஏற சிங்கப்பூர் வந்து, பயணக் கடன அடைக்க இங்கயே வேலை பாத்து அப்படியே தங்கிட்டவங்க. கரையோரச் சதுப்புக் காட்ட வெட்டி, தண்ணி வடிய வாய்க்கா தோண்டி, தென்னை, பாக்கு, ரப்பர்னு போட்டாங்க. அந்த வாய்க்காதான் 'பாரிட்', ஜொகூர்ல போனா பாரிட் ஜாவா மாதிரி பாரிட் போட்ட ஊர்ப் பேரு வரிசையா வரும்.

பிரிட்டிஷ் சென்சஸ்ல இவங்கள ஜாவா, பஞ்சார் (போர்னியோவுல இருந்து வந்தவங்க), போயான் (பாவியான் தீவுக்காரங்க)னு தனித்தனியாத்தான் எண்ணிக்கிட்டிருந்தாங்க. மெர்டேக்காவுக்கு அப்புறம் ஸ்கூல் மலாய்ல, பள்ளிவாசல் ஒண்ணு, அரசியல் மலாய்க்காரங்க கட்சியான அம்னோவுல, கல்யாணம் கலந்து நடந்துச்சு, ஃபார்ம்ல 'மலாய்'னு ஒரே கட்டம். மூணாவது தலைமுறைக்கு பாட்டி பேசற ஜாவா புரியும், திருப்பிப் பேச வராது. இப்ப மிச்சம் இருக்கறது சாப்பாட்டுல நாசி அம்பேங், தெம்பே, சோத்தோ, கல்யாண வீட்டுல எப்பவாவது குடா கெப்பாங் ஆட்டம், வயசான ஜாவாக்காரர 'வாக்'னு கூப்பிடற பழக்கம், இவ்வளவுதான். அதையும் சும்மா சொல்லக்கூடாது, சபாக் பெர்ணம் பக்கத்துல நாசி அம்பேங் சாப்பிட்டவங்களுக்குத் தெரியும்.

மலேசிய அரசியல் தலைவர்ங்களப் பாத்தா இன்னும் சுவாரசியம். அகமட் ஜாஹிட் ஹமிடி ஜாவா வம்சாவளி. முகிதின் யாசினுக்கு அப்பா பூகிஸ் வழி, அம்மா ஜாவா வழி. நஜிப் ரசாக் குடும்பம் பூகிஸ் வேர் சொல்லும். மலாய் உரிமையப் பத்தி மேடையில சத்தமாப் பேசறவங்கள்ல பல பேரோட பூர்வீகம் இந்தோனேசியத் தீவுங்கள்லதான் இருக்கு, இதுல பொய்யோ வேஷமோ எதுவும் இல்ல, அந்த நாட்டுல மலாய்ங்கற வார்த்தைக்கு அர்த்தமே அப்படித்தான் கட்டியிருக்காங்க. அவங்களக் கேட்டா 'நான் மலாய், பூர்வீகம் ஜாவா'ன்னு ரெண்டையும் ஒரே மூச்சுல சொல்லுவாங்க.

கேள்வி: நேத்து சுராபாயாவுல இருந்து வேலைக்கு வந்தவர், முஸ்லிம், மலாயும் பேசறார். அவரும் மலாய்க்காரர் ஆயிடுவாரா?

மாட்டார். 1957 கணக்குல வரமாட்டார், குடியுரிமையும் இல்ல, அவர் பெர்மிட்ல இருக்கற வெளிநாட்டுத் தொழிலாளி. பக்கத்து வீட்டு மலாய்க்காரரோட தாத்தாவும் இவரோட தாத்தாவும் ஒரே ஊரா இருந்தாலும் இவருக்கு எதுவும் செல்லாது. குடியுரிமைய மாத்திக்கிட்டுதான் ஆகணும்னா பழைய பாஸ்போர்ட்ட விட்டுடணும், ரெண்டு நாடுமே பெரியவங்களுக்கு ரெட்டைக் குடியுரிமை தர்றது இல்ல.

கேள்வி: இந்தோனேசியால ஏன் எல்லாரும் 'ஜாவாக்காரர்' ஆகல? நூத்துல 40 பேர் அவங்கதானே?

நல்ல கேள்வி, இத யாரும் கேக்கறது இல்ல. மலேசியால பெரிய இனம் மத்தவங்கள உள்ள இழுத்துக்கிச்சு, இந்தோனேசியால பெரிய இனம் அப்படிச் செய்யல, அதுக்குப் பதிலா எல்லாருக்கும் மேல புதுசா ஒரு பேரு வச்சாங்க.

1928 அக்டோபர் 28, பத்தாவியாவுல, அதாவது இன்னைக்கு ஜகார்த்தாவுல, இளைஞர் மாநாடு. ஜாவா இளைஞர் சங்கம், சுமத்ரா இளைஞர் சங்கம்னு தனித்தனி அமைப்புல இருந்து வந்தவங்க எல்லாம் சேந்து ஒரே தாய்நாடு, ஒரே தேசம், ஒருமைப்பாட்டு மொழி இந்தோனேசிய மொழின்னு உறுதிமொழி எடுத்தாங்க. அந்த இந்தோனேசிய மொழி எதுல இருந்து வந்தது? ஜாவாவுல இருந்து இல்ல, மலாய்ல இருந்து. நாட்டுல அதிகம் பேர் பேசின மொழிய விட்டுட்டு சின்னக் கூட்டத்தோட மொழிய எடுத்தாங்க. காரணம் இருக்கு. மலாய் ஏற்கனவே துறைமுகம், சந்தை, நிர்வாகம்னு எல்லாத் தீவுலயும் ஓடிக்கிட்டிருந்த பொது மொழி. ஜாவா மொழியில ஆளப் பொறுத்து பேச்சே மாறும், சமமானவங்ககிட்ட ங்கோக்கோ, மரியாதைக்குரியவங்ககிட்ட க்ரோமோ, வெளியாள் கத்துக்கறது சாதாரண வேலை இல்ல. ஜாவா தலைவர்ங்க 'எங்க மொழிதான்'னு அடம் பிடிக்கல. அரசியல் புத்திசாலித்தனம்னு பாத்தா இதுக்கு நிகரா ஆசியாவுல அதிகம் சொல்ல முடியாதுங்கறது என் கருத்து. மொழிச் சண்டை பாத்து வளந்த நமக்கு இது இன்னும் நல்லா உறைக்கும்.

அதுக்காக ஜாவா ஆதிக்கம் இல்லன்னு சொல்லிட முடியாது. அதிபர்ங்கள்ல பெரும்பாலானவங்க ஜாவா. சுகர்னோவுக்கு அப்பா ஜாவா, அம்மா பாலி. சுகார்த்தோ முழு ஜாவா. ஹபீபி சுலவேசியில பொறந்தவர், அவருக்கும் அம்மா ஜாவா. ஆனா ஆதிக்கம் வேற, எல்லாரையும் ஜாவாக்காரர்னு பதியறது வேற. டச்சுக்காரன் 1930 சென்சஸ்ல இனத்தக் கேட்டான், சுதந்திரத்துக்கு அப்புறம் வந்த சென்சஸுங்கள்ல அந்தக் கேள்வியையே எடுத்துட்டாங்க, திரும்பக் கேட்டது 2000ல. சுகார்த்தோ காலத்துல இனம், மதம் பத்திப் பொதுவுல பேசறதே ஆபத்து. இன்னைக்கும் இந்தோனேசிய அடையாள அட்டையில மதம் இருக்கும், இனம் இருக்காது.

ஜாவாக்காரங்க வேற தீவுக்குக் குடிபோனாலும் ஜாவாக்காரங்களாவே இருக்காங்க. 1905ல டச்சு அரசாங்கம் மத்திய ஜாவாவோட கெடு வட்டாரத்துல இருந்து 155 குடும்பத்த தென் சுமத்ராவுல லாம்புங்குக்கு அனுப்பிச்சு, அப்புறம் இந்தோனேசிய அரசாங்கமும் அதையே பெரிசா நடத்துச்சு. இன்னைக்கு லாம்புங்ல மூணுல ரெண்டு பேர் கிட்டத்தட்ட ஜாவாக்காரங்க, ஊருங்களுக்குக் கூட ஜாவாவுல விட்டுட்டு வந்த ஊர்ப் பேரையே வச்சுட்டாங்க. வட சுமத்ராவுல பொறந்த ஜாவாக்காரங்களுக்கு 'பூஜாகெசுமா'ன்னு ஒரு பேரே இருக்கு, சுமத்ராவுல பொறந்த ஜாவாப் பிள்ளைங்கன்னு அர்த்தம். நீரிணைக்கு இந்தப் பக்கம் ஜொகூர்ல மலாய் ஆனவங்களும் அந்தப் பக்கம் மேடான்ல ஜாவாவாவே நின்னவங்களும் கிட்டத்தட்ட ஒரே காலத்துல ஊர விட்டுக் கிளம்பினவங்க.

கேள்வி: 'பங்சா'ன்னா இனமா, தேசமா?

நாட்டப் பொறுத்தது. மலேசியால 'பங்சா'ன்னு கேட்டா மலாயா, சீனரா, இந்தியரான்னு பதில் சொல்லணும். இந்தோனேசியால பங்சான்னா இந்தோனேசியத் தேசம், இனத்துக்கு 'சூக்கு'. மலேசியர் ஒருத்தர் ஜகார்த்தாவுல போய் 'உங்க பங்சா என்ன'ன்னு கேட்டா 'இந்தோனேசியா'ன்னு பதில் வரும், அவர் கேட்டது ஜாவாவா சுண்டாவான்னு.

கேள்வி: மலாய்க்காரங்க மட்டும் ஏன் இத்தனை நாட்டுல சிதறிக் கெடக்காங்க?

அவங்க சிதறல, கோடு நடுவுல வந்து விழுந்துச்சு. ஜொகூர், ரியாவ், லிங்கா எல்லாம் ஒரே சுல்தானகமா இருந்தது. 1824ல லண்டன்ல பிரிட்டிஷும் டச்சும் உக்காந்து ஒப்பந்தம் போட்டு, சிங்கப்பூர் நீரிணைக்கு வடக்க எனக்கு, தெக்க உனக்குன்னு பிரிச்சுக்கிட்டாங்க. அரண்மனைக் குடும்பமே ரெண்டா ஆச்சு. வடக்குப் பக்கம் போனவங்க பின்னாடி மலேசியர், சிங்கப்பூரர், தெக்கப் பக்கம் இருந்தவங்க இந்தோனேசியர். தாய்லாந்து பக்கமும் இதே கதைதான், 1909ல பிரிட்டனும் சயாமும் போட்ட ஒப்பந்தத்துல கெடா, கிளந்தான், திரெங்கானு, பெர்லிஸ் பிரிட்டிஷ் கைக்கு வந்துச்சு, பட்டானி அங்கயே நின்னுடுச்சு.

இந்தோனேசியாவோட ரியாவ் தீவுங்கள்ல, தஞ்சோங்பினாங் ஊருக்கு எதிர்ல பென்யெங்காட்னு ஒரு குட்டித் தீவு. அங்க இருந்த ராஜா அலி ஹாஜிதான் 19ம் நூற்றாண்டுல மலாய் மொழிக்கு இலக்கணமும் அகராதியும் எழுதின பெரிய மனுசன். அவர் வம்சம் பூகிஸ். இந்தோனேசியா அவர 2004ல தேசிய வீரரா அறிவிச்சுச்சு. மலாய் மொழிக்கு வரம்பு கட்டினவர், வம்சத்துல பூகிஸ், பட்டியல்ல இந்தோனேசியர்.

கேள்வி: ராஜேந்திர சோழன் பிடிச்ச 'மலையூர்' இந்த மலாய்தானா?

மெய்க்கீர்த்தியில ஸ்ரீவிஜயம், கடாரத்தோட வர்ற மலையூர சுமத்ராவுல ஜம்பி பக்கம் இருந்த மலாயு அரசுன்னு ஆய்வாளர் பல பேர் சொல்றாங்க. ஆனா அது அப்ப ஒரு ஊர், ஒரு அரசு, இனப்பேர் இல்ல. அந்த ஜம்பி இன்னைக்கு இந்தோனேசியாவுல இருக்கு.

கேள்வி: மதம் மாறினா இனமும் மாறிடுமா?

மேல சொன்ன வித்தியாசம் எல்லாத்தையும் விட இதுதான் ஆழமானது. மலேசியச் சட்டத்துல இஸ்லாம் மலாய் வரையறைக்குள்ளயே இருக்கறதால மதம் மாறினா இனக் கேள்வியும் கூடவே வந்துடும். லீனா ஜாய் வழக்கு இதுக்கு நல்ல உதாரணம். ஜாவா வம்சாவளிக் குடும்பத்துல பொறந்தவர், கிறிஸ்தவரா மாறி, ஐசில இருக்கற 'இஸ்லாம்'ங்கற சொல்ல எடுக்கச் சொல்லிக் கேட்டார். ஷரியா கோர்ட் சான்றிதழ் இல்லாம முடியாதுன்னு 2007ல கூட்டரசு நீதிமன்றம் ரெண்டுக்கு ஒண்ணு கணக்குல தீர்ப்புச் சொல்லிடுச்சு. அதுக்கு முன்னாடி 2001ல உயர் நீதிமன்றம் 160வது பிரிவையே காட்டி, மலாய்க்காரர் இஸ்லாத்த விட முடியாதுங்கற மாதிரி பேசியிருந்துச்சு.

அதே ஜாவா வம்சம் ஜாவா தீவுல இருந்தா இந்தச் சிக்கல் இனத்தோட ஒட்டாது. புரோமோ மலைப் பக்கம் தெங்கர் மக்கள் இந்துக்கள், ஜாவாக்காரங்கதான். 1940ல இந்தோனேசிய மண்ணோட முதல் கத்தோலிக்க ஆயர் ஆன சூகிஜாப்ரனாட்டா சோலோவுல பொறந்த ஜாவாக்காரர், '100% கத்தோலிக்கர், 100% இந்தோனேசியர்'ங்கறது அவரோட புகழ்பெற்ற வாசகம். அதுக்காக அங்க எல்லாம் சுபம்னு எடுத்துக்காதீங்க, மதச் சண்டை அங்கயும் நடந்திருக்கு. இந்தோனேசியாலயே மலாய் விஷயத்துல மட்டும் பழக்கம் வேற: டெலி பக்கம் படாக் ஆளு முஸ்லிமா மாறி மலாய் பேச ஆரம்பிச்சா 'மலாய்க்குள்ள போயிட்டார்'னு சொல்ற வழக்கம் ரொம்ப காலமா உண்டு. புருணைல இன்னொரு கூத்து, 1961 குடியுரிமைச் சட்டம் ஏழு குழுவ மலாய்னு பட்டியல் போடுது, அதுல டூசுன், மூருட் இருக்காங்க, அவங்கள்ல எல்லாரும் முஸ்லிம் இல்ல.

கேள்வி: சிங்கப்பூர்ல?

சிங்கப்பூர்ல சென்சஸ் ஜாவா, போயான், பூகிஸ் எல்லாரையும் மலாய்ங்கற பெரிய தலைப்புக்குக் கீழ கொண்டாந்துடும். ஆனா அங்க தேர்தலுக்குன்னு ஒரு வரையறை இருக்கு: மலாய் இனமோ இல்லையோ, தன்ன மலாய் சமூகத்துல ஒருத்தரா நினைக்கணும், அந்தச் சமூகமும் பொதுவா ஒத்துக்கணும். மதம் பத்திப் பேச்சே இல்ல. 2017ல அதிபர் பதவிய மலாய் சமூகத்துக்கு ஒதுக்கினப்ப ஹலிமா யாக்கோப் வந்தார், அவங்கப்பா இந்திய முஸ்லிம். காப்பிக்கடையில எல்லாம் கொஞ்ச நாளைக்கு இதே பேச்சுதான், ஆனா சட்டப்படி அவர் தகுதியானவர், கமிட்டி சான்றிதழும் கொடுத்தது.

கேள்வி: இலங்கை மலாய்க்காரங்க மலேசியாவுல இருந்து போனவங்களா?

முக்கால்வாசி இல்ல. டச்சுக் காலத்துல ஜாவா, அம்போன், சுலவேசின்னு பல தீவுல இருந்து சிப்பாயாவும் நாடு கடத்தின அரச குடும்பமாவும் கொண்டு போனவங்க. ஜாவாவோட மாத்தாராம் அரசர் மூணாம் அமங்குராட்டையே 1708ல பிடிச்சு இலங்கைக்கு அனுப்பினாங்க. சிங்களத்துல இவங்க இன்னைக்கும் 'ஜா மினிஸ்ஸு', ஜாவா ஆளுங்க. இங்கிலீஷ்காரன் ரெஜிஸ்டர்ல மலாய். ரெண்டு பேரும் பாதிதான் சரி, ஏன்னா ஒருத்தன் கொஞ்சப் பேரோட தீவ வச்சுப் பேரு வச்சான், இன்னொருத்தன் எல்லாரும் பேசின பொது மொழிய வச்சுப் பேரு வச்சான். குடியுரிமை இலங்கை, சென்சஸ்ல 40 ஆயிரத்தச் சுத்தி இருக்காங்க. கொழும்புல 1869லயே ஜாவி எழுத்துல, அதாவது மலாய எழுதற அரபு எழுத்துல, மலாய்ப் பத்திரிகை நடத்தியிருக்காங்க. தென்னாப்பிரிக்காவுல 'கேப் மலாய்'னு சொல்றவங்க கதையும் இதே மாதிரிதான், அதுல வங்காளத்துல இருந்தும் நம்ம சோழமண்டலக் கரையில இருந்தும் பிடிச்சுட்டுப் போன அடிமைங்க வாரிசும் கலந்திருக்கு.

கேள்வி: சூரினாம் ஜாவாக்காரங்க இன்னும் ஜாவா பேசறாங்களா?

பேசறாங்க, டச்சு, ஸ்ரானான் மொழிகளோட கலந்து. 1890 ஆகஸ்ட் 9ல முதல் கூட்டம் இறங்கினாங்க, 1939 வரைக்கும் சுமார் 33,000 பேர், கரும்புத் தோட்ட ஒப்பந்தம். அங்க மலாய்க்காரர்னு உள்ள இழுத்துக்க யாரும் இல்ல, அதனால நூறு வருஷம் தாண்டியும் 'ஜாவா'ங்கற பேரு அப்படியே நிக்குது, 2012 சென்சஸ்ல மக்கள் தொகையில 14 சதவீதம் கிட்ட. மெக்கா ஜாவாவுக்கு மேற்க, சூரினாமுக்குக் கிழக்க. ஆனா ஊர்ப் பழக்கத்த விடாம மேற்கப் பாத்தே தொழுதவங்க ஒரு பிரிவு, கிழக்கத் திரும்பினவங்க ஒரு பிரிவுன்னு அங்க ரெண்டு கட்சியே உண்டு.

1954ல ஆயிரம் பேர் அளவுக்கு இந்தோனேசியாவுக்குத் திரும்பினாங்க, ஆனா ஜாவாவுக்கு இல்ல, மேற்கு சுமத்ராவுல தொங்கார்ங்கற இடத்துல குடியேத்தினாங்க. நாடு திரும்பிட்டாங்க, ஊருக்குத் திரும்பல. 1975ல சூரினாம் சுதந்திரம் ஆனப்ப இன்னும் நிறையப் பேர் நெதர்லாந்துக்குப் போயிட்டாங்க.

கேள்வி: 'மலேசியர்'ங்கறதையே ஒரே இனமா ஆக்கிட முடியாதா?

யோசிச்சிருக்காங்க. 1947ல இடதுசாரி, சீன, இந்திய, மலாய் அமைப்புங்க சேந்து மக்கள் அரசியலமைப்புத் திட்டம்னு ஒண்ணு போட்டாங்க. அதுல குடியுரிமைக்கே 'மலாயு'ன்னு பேரு, அதாவது சீனரும் தமிழரும் கூட மலாயு குடிமக்கள். அக்டோபர் 20ல நாடு தழுவின ஹர்த்தாலும் நடத்தினாங்க. பிரிட்டிஷ்காரன் கண்டுக்கல, அம்னோ ஏத்துக்கல, 1948ல வேற வழியில கூட்டரசு வந்துச்சு. பேரு மட்டும் அன்னைக்கு நெலச்சிருந்தா கிள்ளான் தமிழரும் இன்னைக்கு 'மலாயு'ன்னு கையெழுத்துப் போட்டுக்கிட்டிருப்பார். 2010ல துணைப் பிரதமரா இருந்த முகிதின்கிட்ட முதல்ல மலேசியரா மலாய்க்காரரான்னு கேட்டப்ப, முதல்ல மலாய்தான், அதுக்காக மலேசியர் இல்லன்னு ஆயிடாதுன்னு பதில் சொன்னார். அம்மா ஜாவா வழி, அப்பா பூகிஸ் வழின்னு மேல படிச்சோமே, அவர்தான்.

கேள்வி: பாத்திக், ரெயோக்னு ரெண்டு நாடும் சண்டை போடறது இதுனாலதானா?

பெரிய அளவுக்கு ஆமா. 2007ல ரெயோக் பொனொரோகோங்கற ஜாவா முகமூடி ஆட்டம் மாதிரியான ஒண்ண மலேசியா தன் கலையாக் காட்டுதுன்னு ஜகார்த்தாவுல மலேசியத் தூதரகம் முன்னாடி ஆர்ப்பாட்டம். ஜொகூர்ல அத ஆடறவர் ஜாவாக்காரர் பேரன், அவருக்கு அது தாத்தா சொத்து, அவர் மலேசியரும் கூட. இந்தோனேசியா அத நாட்டுச் சொத்தாப் பாக்குது. ஒருத்தர் வம்சக் கணக்குல பேசறார், இன்னொருத்தர் பாஸ்போர்ட் கணக்குல பேசறார், அப்புறம் எங்க ஒத்துப் போறது. 2009ல பாத்திக் துணிக் கலைய இந்தோனேசியா பேர்ல யுனெஸ்கோ பட்டியல்ல சேத்தாங்க, 2024ல ரெயோக்கும் அதே பேர்ல சேந்துடுச்சு. யுனெஸ்கோகிட்ட விண்ணப்பம் போடறது நாடுங்கதான், இனம் போட முடியாது.

கேள்வி: நேர்ல ஒருத்தர எப்படிக் கேக்கறது?

இந்தோனேசியர்கிட்ட 'நீங்க எந்த ஊர் ஆளு'ன்னு கேளுங்க, சூக்கு தானா வரும். மலேசிய மலாய்க்காரர்கிட்ட பழகினதுக்கு அப்புறம் பூர்வீகம் கேட்டா சந்தோஷமாவே சொல்லுவாங்க, முதல் சந்திப்புலயே 'நீங்க உண்மையான மலாயா'ன்னு மட்டும் ஆரம்பிச்சுடாதீங்க. அப்புறம் 'இந்தோன்'னு சுருக்கிக் கூப்பிடறத இந்தோனேசியர்ங்க கேவலமா எடுத்துக்குவாங்க, மலேசியாவுல நம்மாளுங்க வாயிலயும் இது சர்வசாதாரணமா வருது, விட்டுடுங்க.